அட்டை வாங்கிவிட்டுப் பேசவும்

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு தவறு செய்தேன். 'மூக்கு' அட்டையை இரண்டு முறை எழுதிவிட்டேன். ஒன்று ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணனிடம் போய்விட்டது, இன்னொன்று தையல் அக்காவிடம்.

இது என்ன அட்டை என்று எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் பின்னால் படிக்கும்போது எனக்கே புரியாது.

மாலை நேர ஆங்கில வகுப்பில் போன வாரம் 'ரன்' வந்தது. ரன் என்றால் ஓடு, அவ்வளவுதானே என்று எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம். மிஸ் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தார். ஆள் ஓடினால் ரன். மூக்கு ஒழுகினால் ரன். துணியில் சாயம் போனால் ரன். கடை நடத்தினால் ரன், காய்ச்சல் அடித்தால் ரன், பால் தீர்ந்துபோனால் அதற்கும் ஒரு ரன். தேர்தலில் நிற்பதற்கும் அதுதான் என்று எழுதியபோது டிரைவர் அண்ணன் எழுந்துவிட்டார்.

"மிஸ், நிக்கறதுக்குமா ஓடறாங்க? இவங்களுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?"

பலகை நிறைந்துவிட்டது. மிஸ் சாக்பீஸோடு சுவர் வரைக்கும் போய், அங்கே சட்டென்று நின்றார். பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு அப்படியே எங்களிடம் வருகிறவர். "இதெல்லாம் ஒரே கோர்ஸ்ல யாராலயும் படிக்க முடியாது" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

நான் கையைத் தூக்கினேன். அதற்கு முன் தூக்கலாமா வேண்டாமா என்று நான்கைந்து தடவை யோசித்தேன்.

நான் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் சாவி அறையில் வேலை பார்க்கிறேன். ஒரு சாவிக்கு ஒரு கொக்கி. வருகிறவர் தன் பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுத்தான் சாவியை எடுத்துப் போக வேண்டும். அது திரும்பி வரும் வரை அந்தக் கதவு வேறு யாருக்கும் கிடையாது. நான் வந்த பிறகு ஒரு சாவியும் தொலையவில்லை. அதே மாதிரி அர்த்தங்களை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். அவரவர் பங்கை அவரவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது, வேறொன்று தேவைப்பட்டால் அதை வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது. வகுப்பு மொத்தமும் சேர்ந்தால் எல்லாம் தெரிந்த ஒரு ஆள். மிஸ் கொட்டாவி விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செருப்புப் பெட்டியை வெட்டி அட்டைகள் செய்தேன். கரும்பலகைக்குக் கீழே ஆணி வரிசை அடித்தேன். அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் பெயர் 'சாவி'.

இன்றைய சண்டைக்கு வருகிறேன்.

"மூக்கு என்னுது" என்றார் டிரைவர் அண்ணன்.

"எங்கிட்டயும் இருக்குண்ணே" என்று தையல் அக்கா தன் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"உனக்கு எதுக்கும்மா மூக்கு? துணிக்குச் சளி பிடிக்குமா?"

"ஆமா, உங்க வண்டியில வர்றவன் உயிர் ஊசலாடிட்டுக் கிடக்கான். அவன் மூக்கு ஒழுகுதேன்னு கவலைப்படப் போறான் பாருங்க."

சாவி அறையில் ஒரே கதவுக்குக் கள்ளச்சாவி இருந்தால் என் வேலை போய்விடும். ஒற்றைப்படைத் தேதிகளில் மூக்கு தையல் அக்காவுக்கு, இரட்டைப்படைத் தேதிகளில் டிரைவர் அண்ணனுக்கு என்று தீர்ப்புச் சொன்னேன்.

டிரைவர் அண்ணன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப முப்பத்தொண்ணாந்தேதி தையலுக்கு. மறுநாள் ஒண்ணாந்தேதியும் தையலுக்கு. சேர்ந்தாப்ல ரெண்டு நாள் மூக்கா? என்னம்மா சாவி, இது நியாயமா?"

இதை நான் யோசிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டில் அக்காவிடமும் மாமாவிடமும் மூக்கு விவகாரத்தைச் சொன்னேன். அக்காவின் கணவர்தான் மாமா. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

"இதுக்குப் போய் இங்கிலீஷ்காரனைத் திட்டறியே" என்றார் மாமா. "நம்ம ஊட்ல மட்டும் என்ன வாழுதாம்? படம் ஓடுது, வண்டி ஓடுது, கடை ஓடுது, மனசுல என்னமோ ஓடுது. கூரை மேல ஓடு, முட்டை மேல ஓடு, ஆமை மேல ஓடு. ஆமை என்னைக்காவது ஓடிச்சா?"

"சாப்பிடறப்ப ஆமையை எதுக்கு இழுக்கறீங்க?" என்று அவரை அடக்கிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, வெள்ளிக்கிழமை பரீட்சைக்கு எல்லாரையும் ஒண்ணாவா உள்ள கூப்பிடுவாங்க?"

"இல்லக்கா, ரெண்டு ரெண்டு பேரா."

"அப்ப மத்தவங்க வச்சிருக்கறதை அந்த டிரைவர் எப்படி வாங்குவார்?"

இதையும் நான் யோசிக்கவில்லை.

டிரைவர் அண்ணனின் கதை அக்காவுக்கும் தெரியும். அவருக்கு வலது முழங்கால் போய்விட்டது. பிரேக்கை மிதித்தால் பேஷன்ட்டை விட இவர் அதிகமாகக் கத்துகிறாராம். இனி வண்டி கொடுக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர்களின் போனை எடுக்கும் அறையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உட்கார வேண்டுமென்றால் ஆங்கிலம் பேசும் சான்றிதழ் வேண்டும். இந்த மாதத்துக்குள் கொண்டுவந்தால் நாற்காலி, இல்லாவிட்டால் வீடு. பெண்ணுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. அவருக்குக் கிடைக்கிற ஒரே பரீட்சை வெள்ளிக்கிழமை வருவதுதான்.

அப்படிப்பட்ட மனிதரிடம் ரன்னில் மூன்றே மூன்று அர்த்தத்தைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்: காய்ச்சல், ஒழுகும் குழாய், பாதி மூக்கு.

மார்ச் 5, புதன்

வகுப்பு ஆரம்பித்ததும் எழுந்து நின்று, அட்டை முறையை ரத்து செய்கிறேன், எல்லோரும் எல்லாவற்றையும் படியுங்கள் என்றேன். கேட்டு நடப்பார்கள் என்று நினைத்தேன்.

ஒருவரும் அட்டையைத் தரவில்லை. பின் வரிசை பேக்கரிக்காரர் தன்னுடைய 'தேர்தல்' அட்டையைக் கொடுத்து இரண்டு சின்ன அர்த்தங்களை மாற்றி வாங்கியிருந்தார். "நான் அடிச்ச பேரத்துக்கு என்ன பதில்?" என்று சண்டைக்கு வந்தார். தையல் அக்கா தன் அட்டைகளுக்கு ஓரம் அடித்துப் பூத்தையல் போட்டிருந்தார்.

மிஸ் எல்லோரையும் உட்கார வைத்து மாதிரித் தேர்வு நடத்தினார். டிரைவர் அண்ணனிடம் முதல் கேள்வி: நீங்கள் ஏறும் பஸ் எத்தனை மணி வரை ஓடும்?

அண்ணன் எழுந்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பி பேக்கரிக்காரரைப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே" என்றார் மிஸ்.

"பஸ் அவர்கிட்ட இருக்கு மிஸ்."

"உங்களுக்குப் பதில் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மிஸ். ஆனா அவருதாச்சே."

மிஸ் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வகுப்பு முடிந்ததும் நான் மாடிப்படியில் அண்ணனை நிறுத்தினேன். அவருக்கு ஒவ்வொரு படியும் பெரிய வேலை, அதனால் பிடிப்பது சுலபம்.

"அண்ணே, பரீட்சையில மட்டும் எல்லாத்தையும் எடுத்துப் பேசிடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பொறுப்பு."

"நீதானம்மா ரூல் போட்டே?"

"தப்பா போட்டுட்டேண்ணே."

"தப்போ சரியோ, பங்கு பிரிச்சாச்சு. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டறேன், ஒரு பஞ்சை எடுத்தாக்கூட நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் எடுப்பேன். கேக்காம எடுத்தா கை கூசும்மா."

அடுத்த படிக்குக் காலை எடுத்து வைத்தார். எனக்கு அழுகை வந்தது. நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதே, தையலும் அன்னைக்குத்தானே வருது, கேட்டுக்கறேன்" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

மார்ச் 7, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பரீட்சை மையம் ஒரு வங்கிக்கு மேல் மாடியில். நுழைந்தவுடன் ஒரு பலகை: இந்த வளாகத்துக்குள் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும், மீறினால் வெளியேற்றப்படுவீர்கள். அதைப் படித்துவிட்டு எல்லோரும் ஊமையாகிவிட்டோம். தாழ்வாரத்து பெஞ்சில் தையல் அக்கா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய அட்டைகள் அந்தப் பையில்தான் இருக்கும்.

நானும் டிரைவர் அண்ணனும் ஒரு ஜோடி. உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தார். இனி பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் எழுதுகிறேன், மிஸ் பார்த்தால் திட்டுவார்.

பெயர், வேலை, வீடு எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு அந்த அம்மாள் அண்ணனைக் கேட்டார்: நீங்கள் சேரப்போகும் அந்த போன் அறையை நடத்துவது யார்? 'நடத்துவது' என்பதற்கு அவர் ரன்தான் போட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்: எடுங்கள், எடுங்கள். அண்ணன் எடுக்கவில்லை.

"மேடம், அந்த அர்த்தம் என்னிடம் இல்லை. வெளியே ஒரு அம்மாவிடம் இருக்கிறது. தயவுசெய்து பொறுங்கள், வாங்கி வருகிறேன்."

எழுந்து, நொண்டிக்கொண்டே கதவைத் திறந்து போய்விட்டார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். பிறகு அவரும் எழுந்து, மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு கதவருகே போனார். நான் பின்னாலேயே போனேன்.

பெஞ்சில் பேரம் நடந்துகொண்டிருந்தது. பலகைக்குப் பயந்து இருவரும் ஆங்கிலத்திலேயே.

"கடை நடத்துவதைக் கடனாகக் கொடு. ஒரே ஒரு தடவைதான்."

"மூக்கை எனக்கே முழுசாக எழுதிக் கொடுங்கள். எல்லாத் தேதிகளுக்கும்."

"மூக்கை எடுத்துக்கொள், போ."

"காய்ச்சலும் வேண்டும்."

"காய்ச்சலைத் தர முடியாது. போனில் ஒரு தாய் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அழுவாள். நான் என்ன சொல்வேன்? காய்ச்சல் தையல்காரியிடம் இருக்கிறது, கடை திறந்ததும் கூப்பிடு என்றா?"

தையல் அக்கா யோசித்தார். "அது நியாயம்தான். அப்படியானால் குழாய்."

"குழாயை வைத்து நீ என்ன செய்வாய்?"

"உங்களுக்கு எதற்கு அந்தக் கவலை? என் வீட்டில் குழாய் இல்லையா?"

அந்த அம்மாள் நடுவில் புகுந்தார். "தெரிந்த வார்த்தையைப் பேச எதற்கு அனுமதி?"

அண்ணன் அவருக்கு விளக்கினார். நின்றுகொண்டே, முழங்காலைப் பிடித்துக்கொண்டே விளக்கினார். சாவி அறை, பித்தளை வில்லை, செருப்புப் பெட்டி, முப்பத்தொன்றாம் தேதிச் சிக்கல், பேக்கரிக்காரரின் பேராசை என ஒன்றையும் விடவில்லை. வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினார், வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். தையல் அக்கா இடையிடையே, "அது அப்படியில்லை, இவர் கதை கட்டுகிறார்" என்று திருத்தினார். அந்த அம்மாள் சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். அடுத்த ஜோடி காத்திருந்து காத்திருந்து, அவர்களும் ஏதோ கேட்க ஆரம்பித்தார்கள்.

கடைசியில் குழாயும் மூக்கும் போய் 'நடத்துவது' அண்ணன் கைக்கு வந்தது. அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்து, "அந்த அறையை நடத்துவது ஒரு தலைமை நர்ஸ்" என்றார். ரன்னை அழுத்திச் சொன்னார்.

பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "இந்த முறையைக் கண்டுபிடித்தது நீயா?"

"ஆமாம்."

"எப்படித் தோன்றியது?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் வாய் வரை வந்தது. அதில் வரும் வார்த்தை யாருடைய பங்கு என்று பார்த்தேன், அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. "சாவியிலிருந்து" என்றேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் சிரித்தேன்.

சாயங்காலம் கதவில் முடிவு ஒட்டினார்கள். டிரைவர் அண்ணன் தேர்ச்சி. தையல் அக்காவும் தேர்ச்சி. என் பெயருக்கு எதிரே 'மறுதேர்வு'.

அண்ணன் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். வெளியே தெருவுக்கு வந்த பிறகுதான் தமிழில் வாயைத் திறந்தார். "பாத்தியாம்மா சாவி, உன் ரூல்தான் காப்பாத்திச்சு. நான் பாட்டுக்குக் கேக்காம பதிலைச் சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல வெளிய அனுப்பியிருப்பாங்க."

அவரைக் காப்பாற்றியது என் முறையா, இல்லை என் முறையிலிருந்து அவர் தப்பித்துவிட்டாரா என்று பஸ் நிறுத்தம் வரை யோசித்தேன். கேட்கவில்லை. அவர் பெண்ணுக்கு போன் போட்டு, "நாற்காலி கிடைச்சிடுச்சுடா கண்ணு, சுத்தற நாற்காலி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவர் கால் நொண்டவே இல்லை.

வீட்டில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊருக்கெல்லாம் பங்கு பிரிச்சுக் குடுத்துட்டு நீ வெறுங்கையோட வந்தியாக்கும்" என்றாள். மாமா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

நாளை வேலைக்குப் போகும் வழியில் மையத்தில் மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இரண்டு புகைப்படம் எடுத்துப் போக வேண்டும்.