காணிக்கைச் சீட்டில் ஒரு விமர்சனம்

படம் வெளியாகி இருபத்தாறு மணி நேரத்தில் பதினொரு விமர்சனங்கள் வந்துவிட்டன. அம்மாவின் ஒட்டிப்போன விரலுக்கு ஃபோன் திரை நகராது என்பதால் எல்லாவற்றையும் வினோலியாதான் வாசித்துக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் அம்மாவின் கைகளைப் பற்றிய வரியை மட்டும் விழுங்கிவிட்டாள்.

பேயாக நடித்தவள் அம்மா, இன்பம். படமாகும் முன் அது சாத்தூர் சபையின் கிறிஸ்துமஸ் நாடகம். பேய்ப் படங்களைக் கேலி செய்வது. பட்டாசு ஆலை விபத்தில் நிஜமாகவே வெந்த தன் கைகளை நீட்டி, "பயப்படுங்கலே, எம்புட்டு நேரம் தூக்கிக்கிட்டு நிக்க!" என்பாள் பேய். சபையே விழுந்து விழுந்து சிரிக்கும். ஆறு வருடம் முந்தானைக்குள் கிடந்த கைகளை அவளே வெளியே எடுத்தது அந்த மேடையில்தான். சென்னை இயக்குநர் நாடகத்தோடு அவளையும் கூட்டிப்போனார்.

"கடைசி ஆளு என்னடி எழுதியிருக்கான்?"

"இன்பம் வந்தாலே தியேட்டர் குலுங்குதாம்."

"என் எடைக்குக் குலுங்காம என்ன செய்யும்? படம்?"

"சுமார்தானாம்."

"அது கெடக்கு. குலுங்குனதச் சீட்டுல எழுதிக் குடு. நாளைக்கு ஐயா வாசிக்கட்டும். 'சினிமாவுக்குப் போறாளே'ன்னு பேசுனவுகளும் கேக்கணும்ல."

காணிக்கையோடு நன்றிக்கான காரணத்தை எழுதிக் கொடுத்தால் ஞாயிறு ஆராதனையில் போதகர் வாசிப்பார். வினோலியா இரண்டு வரி எழுதினாள். வேதியியல் ஆய்வேடு எழுதிப் பழகியவள், வரியை எடுத்த இடத்தைக் குறிப்பிடாமல் எழுத வராது. அடியில் இணையதளத்தின் பெயரையும் எழுதினாள்.

மறுநாள் போதகர் சத்தியநாதன் சீட்டை வாசித்தார். கைதட்டல் அடங்கியதும் ஃபோனை எடுத்தார்.

"நம்ம இன்பத்துக்கு ரெண்டு வரி போதுமா? முழுசும் தேடி எடுத்துட்டேன். நானும் இன்னும் வாசிக்கல. சேந்தே கேப்போம்."

வினோலியா எழுந்தாள். "ஐயா..." குரல் முன்வரிசையைக்கூட எட்டவில்லை.

அம்மா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. பேரு வந்தது எனக்கு, வெக்கம் உனக்கா?"

முதல் பத்தியில் கதை. இரண்டாவதில் இயக்குநர். மூன்றாவதில் தியேட்டர் குலுங்கியபோது அம்மா பின்வரிசைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நான்காவது வினோலியாவுக்கு மனப்பாடம். திரையைத் தள்ளும் போதகரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்கில் குரல் தெளிவாக வந்தது.

"இன்பம் வரும் காட்சிகளில் ஒரே குறை, பேயின் கை மேக்கப் படுமட்டம். வெந்த கை இப்படியா இருக்கும்? பார்த்தாலே ரப்பர் என்று தெரிகிறது."