துடைக்காத பாதி

போர்வையை இழுத்துக் கணவரின் பாதங்களை மூடிக்கொண்டிருந்தாள் டாக்டரம்மா. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். செத்துப்போனவரின் போனை எடுப்பதா வேண்டாமா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவளே போய் எடுத்தாள்.

"இன்சூரன்ஸ் சர்வேயர் பேசுறேன். டாக்டர் சார் இருக்காரா?"

"இருக்காரு. ஹால்ல படுத்திருக்காரு."

"கொஞ்சம் குடுக்கிறீங்களா?"

"குடுத்தாலும் பேச மாட்டாரு. நேத்து சாயங்காலம் போயிட்டாரு."

சர்வேயர் தொண்டையைச் செருமினார். வருத்தம் தெரிவித்தார். தெரிவித்த கையோடு, "இன்னைக்குத்தாம்மா க்ளினிக்க வந்து பாக்கறதா இருந்தேன். தவற விட்டா ஃபைல் திரும்பிப் போயிடும். மறுபடி எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "இப்பவே வாங்க" என்று வைத்தாள்.

அவள் டாக்டர் இல்லை. பல் டாக்டரின் பெண்டாட்டி. க்ளினிக் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள். வந்துபோகிறவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு டாக்டரம்மா ஆகிவிட்டாள். போன வாரம் தெருவில் குடிநீர்க் குழாய் வெடித்து, சேறும் தண்ணீருமாக க்ளினிக்குக்குள் புகுந்தபோது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முதலில் போன் போட்டதும் அவள்தான். எதையும் தொடாதீங்க, எங்க ஆள் வந்து பாக்கட்டும் என்றார்கள். அதைப் போய் யாரிடம் சொல்வது? டீ குடித்த டம்ளரையே இரண்டு தரம் கழுவுகிற மனுஷனிடம்!

"பல்லு புடுங்குற எடத்துல சேத்த வச்சுக்கிட்டு உக்காரச் சொல்றியா? கிருமி என்ன, இன்சூரன்ஸ்காரன் வர்ற வரைக்கும் கையக் கட்டிட்டு நிக்குமா?" என்று அவள்மேல்தான் பாய்ந்தார். நனைந்த கையுறை, பஞ்சு, மருந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கழிவு வண்டியில் ஏற்றினார். நோயாளி நாற்காலியின் அடியில் இருக்கும் மோட்டாரைப் பிரித்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் திரும்ப மூடினார். துடைத்தது பளபளத்தது, ஓடத்தான் இல்லை. "போட்டோவாவது எடுத்துக்கிறேன், கொஞ்சம் தள்ளுங்க" என்று அவள் கத்தினாள். எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் அவர் முதுகுதான் இருந்தது. நேற்று சாயங்காலம் பின்னறையைத் துடைக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் சாவியை எடுத்தாள். கொழுந்தன் வழியை மறித்தான்.

"அண்ணி, இந்த நேரத்துல வெளிய போறது நல்லா இல்ல. நாலு பேர் என்ன நெனப்பாங்க?"

"அந்த நாலு பேர் நாளைக்கு வந்து மோட்டார் வாங்கித் தருவாங்களா தம்பி?"

"க்ளினிக்கையே வித்துடலாம்னுதானே காலைல சொன்னேன்."

அவள் ஹால் பக்கம் திரும்பினாள். அப்பாவின் தலைமாட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். பல் மருத்துவம் கடைசி வருஷம். அந்த நாற்காலி அவளுக்கு என்று அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "போயிட்டு வாம்மா" என்றாள். கொழுந்தன் முணுமுணுத்துக்கொண்டே காரை எடுத்தான்.

சர்வேயர் க்ளினிக் வாசலில் காத்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தாள். அவர் ஷூவோடு உள்ளே நடந்தார். தெருவில் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது, சேறு காயவில்லை.

உள்ளே பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று அடித்தது. தரை முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"சேதாரம் எங்கம்மா?"

"நீங்க நிக்கிற எடத்துல மொழங்கால் தண்ணி நின்னுது."

"அப்படித் தெரியலையே." அவர் நாற்காலியின் பொத்தானை அமுக்கினார். குனிந்து மோட்டாரைப் பார்த்தார். "புதுசு மாதிரி இருக்கு. தானா ரிப்பேராகி நின்னிருக்கலாம் இல்லையா? தண்ணிதான் காரணம்னு நான் எழுதணும்னா, கண்ணுல ஏதாச்சும் படணும்."

"கண்ணுல படக்கூடாதுன்னுதானே சார் துடைச்சாரு! இது ஆஸ்பத்திரி. வாயத் தொறந்து ஜனங்க உக்கார்ற எடம். சேத்த ஷோகேஸ்ல வச்சிருந்தா பணம் குடுப்பீங்க, சுத்தமா வச்சிருந்தா குடுக்க மாட்டீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"ரூல்ஸ் நான் போட்டதில்லம்மா." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்தக் கதவு?"

பல் துளைக்கும் கருவிக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் இருக்கும் பின்னறை. நேற்றைக்கு அப்புறம் அவள் அங்கே போகவில்லை. போகவும் முடியாது என்றுதான் நினைத்திருந்தாள். சர்வேயரே போய்த் திறந்தார்.

கதவிலிருந்து அறையின் நடுவரைக்கும் தரை வெள்ளை வெளேரென்று இருந்தது. அங்கே குறுக்கே ஒரு துடைப்பான் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் காய்ந்து வெடித்த சேறு. கம்ப்ரஸரின் பாதி உயரத்துக்கு, சுவர் முழுக்க, தண்ணீர் நின்ற தடம்.

சர்வேயரின் முகம் மலர்ந்துவிட்டது. "இது போதுமே! இந்த உயரத்துக்குத் தண்ணி நின்னா, நாற்காலி மோட்டாரும் முழுகித்தான் இருக்கணும். கேள்வியே இல்ல. நல்லவேளை, முழுசாத் துடைக்காம விட்டாரு."

"நல்லவேளையா?" அவள் குரல் சுவரில் மோதித் திரும்பியது. "முடிச்சிருப்பாரு சார். பாதி வேலைய விட்டுட்டு எந்திரிக்கிற ஆளே இல்ல அவரு. இங்கதான் விழுந்தாரு."

சர்வேயர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். டேப்பை வைத்து அளந்தார், போட்டோ எடுத்தார். கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்: "மேலேர்ந்து ஒருத்தர் வந்து பாப்பாரும்மா. அதுவரைக்கும் இந்தப் பாதியத் தொட வேணாம். தொட்டா க்ளெய்ம் நிக்காது."

"எங்க வீட்ல ஒருத்தர் மேல போயிட்டாரு. உங்க மேல இருக்கறவரு எப்ப எறங்கி வருவாரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

வாசலில் கொழுந்தன் ஹாரன் அடித்தான். "அண்ணி, அமரர் வண்டி வீட்டுக்கு வந்துடுச்சாம். எல்லாரும் காத்திருக்காங்க!"

"வரேன் இரு."

வாசல் கதவிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பின்னறைக்கு, சர்வேயரின் ஷூ தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. அவள் வாளியில் தண்ணீர் பிடித்தாள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்தாள். போய் அந்தத் துடைப்பானை எடுத்து நனைத்துப் பிழிந்தாள். வாசலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு தடமாகத் துடைத்துக்கொண்டே பின்னறைக்குள் வந்தாள். மறுபடி ஹாரன் அடித்தது.

அவர் நிறுத்திய இடம் வந்ததும் நிறுத்தினாள். துடைப்பானை ஒட்டப் பிழிந்து, சேற்றின் ஓரமாக, அது கிடந்த மாதிரியே குறுக்கே கிடத்தினாள்.