இங்கிலீஷில் சொல்ல இருந்த வாக்குமூலம்

"ஐ ரைஸ் தி பேடி" என்றார் சாரங்கபாணி, கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே.

அப்துல் வஹாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாகூரில் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியார். "நீங்களே நாத்து மாதிரி வயல்லேருந்து எந்திரிச்சு நிக்கிறீங்க, மிராசுதாரே. ரைஸ்னா தானா எழுறது. சூரியனுக்கு ஆள் வேணாம். ரெய்ஸ்னா நெல்லு மாதிரி, ஒருத்தர் வளக்கணும். ஃபால்னா மரம் தானா விழறது, ஃபெல்னா நாம வெட்டிச் சாய்க்கிறது. பாக்க ரெட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க."

"மரமெல்லாம் எதுக்கு பாய்? நாளைக்கு வேண்டிய நாலு வரி போதும்."

அந்த நாலு வரியின் சாரம் இதுதான்: மூணு ஏக்கரில் சாகுபடி செய்வது நான்; ஐயாவு வெறும் கூலியாள். குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிப் புதுச் சட்டம் வந்திருந்தது. அவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்த ஐயாவு மனுப் போட்டுவிட்டான். பெயர் ஏறிவிட்டால் அவனை லேசில் வெளியேற்ற முடியாது.

தாசில்தார் பி.ஏ. படித்தவர், அவரிடம் தமிழில் பேசினால் என்ன மரியாதை என்று சாரங்கபாணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மனைவி ஞானாம்பாள்கூட நம்பி, பெட்டியிலிருந்த கல்யாணக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டாள். நிஜக் காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஐயாவு எதிரில் நிற்கும்போது அந்த நாலு வரியைத் தமிழில் சொல்ல வாய் வராது. இங்கிலீஷில் என்றால் வேறு எவனோ சொன்ன மாதிரி போய்விடும்.

மறுநாள் கீழ்வேளூர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. பெயர் கூப்பிட்டதும் சாரங்கபாணி எழுந்தார். கோட்டுக்குள் வேர்வை ஓடியது. ரைஸா, ரெய்ஸா? இரண்டும் சேர்ந்தே தொலைந்துபோயின. ஓரமாக, துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி ஐயாவு நின்றிருந்தான்.

"சார், ஐ..."

"தமிழ்லயே சொல்லுங்க" என்றார் தாசில்தார், தலை நிமிராமல். "ஃபைல் தமிழ்ல எழுதணும்னு உத்தரவு. இங்கிலீஷ்ல சொன்னா நான்தான் உக்காந்து மொழிபெயர்க்கணும்."

பதினைந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த மூட்டை சட்டென்று இறங்கியது. அந்த சந்தோஷத்தில் சாரங்கபாணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அந்த மூணு ஏக்கர்ல யாருங்க பயிர் வைக்கிறது?"

"இவன்தாங்க! இவன் அப்பன் காலத்துலேருந்து. போன வெள்ளத்துல மூணு நாள் வரப்பைவிட்டு நகரலீங்களே! குத்தகை நெல்லு ஒரு வருஷம் பாக்கி வச்சதில்ல. சுத்துப்பட்டுல இப்படி ஒரு ஆளு காட்டுங்க பாப்போம்!"

குமாஸ்தாவின் பேனா ஓடியது. அது நின்றபோதுதான் தான் சொன்னது சாரங்கபாணியின் காதில் விழுந்தது. தாசில்தார் நிமிர்ந்து அவரை ஒரு தரம் பார்த்தார். காகிதத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

மறுக்கலாம். இப்போதும் மறுக்கலாம். சாரங்கபாணி தமிழில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் வயிறு எரியும் என்று காத்திருந்தார். பசிதான் எடுத்தது.

"எசமான்" என்றான் ஐயாவு, பின்னால் வந்தபடி. "இங்கிலீசுல பேசப்போறீங்கன்னாங்க. பயந்துட்டேன்."

"நானுந்தாண்டா."

ஐயாவு சிரிக்கலாமா என்று யோசித்து, பிறகு சிரித்தான். பஸ் வருகிற வழியாயில்லை. இருவரும் வாய்க்கால் ஓரமாகவே நடந்தார்கள். வெடித்துக் கிடந்த வாய்க்கால் தரையில் புதுத்தண்ணீர், சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நாய்க்குட்டி மோப்பம் பிடிப்பதுபோல் மெல்ல வந்துகொண்டிருந்தது. ஒரு வெடிப்பில் இறங்கிக் காணாமல் போயிற்று. இருவரும் நின்று பார்த்தார்கள். வெடிப்பு நிரம்பியதும் மறுபக்கம் தலையை நீட்டிற்று.