அயினி மரத்தைச் சுற்றி

...இங்கேதான் கொண்டுவந்து போடுவார் என்று அவளுக்குத் தெரியும், பந்தை ஒரு மரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மீதியை நீ பார்த்துக்கொள் என்கிற மாதிரி நிற்பார், கல்யாணமான நாளிலிருந்து இதுதானே நடக்கிறது... ஜெயபாய்க்குக் கோபம்கூட வரவில்லை, நாக்கடியில் ஒரு கசப்பு, அவ்வளவுதான். கோல்ஃப் கிளப்பில் புருஷன் பெண்டாட்டி ஜோடிப் போட்டி. ஜோடிக்கு ஒரே பந்து, அவர் ஓர் அடி, அவள் ஓர் அடி, மாற்றி மாற்றி, அவர் போட்ட இடத்திலிருந்துதான் அவள் அடிக்க வேண்டும், இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் கல்யாணமானவனாகத்தான் இருப்பான். இது கடைசிக் குழி, இதுவரை இரண்டு ஜோடியும் சமம். நேசையன் அடித்த பந்து வழக்கம்போல இடப்பக்கம் சுருண்டு ஓடி, அயினி மரத்துக்கு நேர் பின்னால் வந்து கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் தூரத்தில், குழியில் நட்ட கொடி. வலப்பக்கம் மூங்கில் அடைத்து நிற்கிறது, இடப்பக்கம் ஒரு சந்து, சந்தை ஒட்டிக் கிளப்பின் மதில், மதிலுக்கு வெளியே பஸ் போகிற ரோடு. பந்து அந்தச் சந்து வழியாக இடப்பக்கம் கிளம்பி, மரத்தைத் தாண்டியதும் காற்றிலேயே வலப்பக்கம் வளைந்து கொடிக்கு வரவேண்டும். கட் ஷாட். அவருக்கு அது தலைகீழாக நின்றாலும் வராது, அவர் பந்து இடப்பக்கம் மட்டும்தான் சுருளும்.

“உனக்க பழைய அடி இருக்கில்லா ஜெயா, அத ஒண்ணு அடி, கேட்டியா,” என்றார், குரலில் தேனைத் தடவிக்கொண்டு. “இடத்தோட்டுப் போயிட்டு வலத்தோட்டு வளையணும். உனக்குப் பிறவியிலயே உள்ளதாக்கும்.”

பிறவியிலேயே உள்ளதுதான், அதை வைத்துத்தானே இந்தக் கிளப்பே சிரித்தது... ஆட ஆரம்பித்த காலத்தில் அவள் எதை எடுத்து அடித்தாலும் பந்து கொஞ்ச தூரம் போய் வலப்பக்கம் திரும்பிவிடும், யாரோ கூப்பிட்டதுபோல. எனக்க பெண்டாட்டிக்க பந்து சாலை மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்கப் போவுது என்று நேசையன் எல்லோர் முன்னாலும் சொல்வார். பிறகு திருத்த ஆரம்பித்தார். அலுவலகத்தில் இருந்து வந்ததும் காரில் ஏற்றிக் கொண்டுவந்து, பின்னால் நின்று, அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, திருப்பு, பந்தில் படும்போது கையைத் திருப்பு, திருப்பு என்று... வீட்டில் தேங்காய் துருவும்போது மணிக்கட்டு விண்விண் என்று வலிக்கும், சொன்னால், வலித்தால்தான் சரியாக வருகிறது என்று அர்த்தம் என்பார். ஒரு நாள் பந்து நேராகப் போனது. அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், நாய் வாலை நிமிர்த்த முடியாதுன்னு சொன்னவன் எவன், நான் நிமிர்த்திட்டேன் என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள், யார் வாலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியாமலா?

இப்போது வால் வளைய வேண்டுமாம். வளைந்தால் மகள் ஷீனா வீட்டுக்கு வரலாம். காலையில் காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே சொன்னார், “இண்ணைக்குக் கப்பு கிட்டினா உனக்க மொவள வரச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். உனக்க மொவள்... பெற்றதில் அவருக்குப் பங்கே இல்லாததுபோல. மகள் அந்த நாயர் பையன் ஸ்ரீஜித்தை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்ட அன்று சாத்திய கதவு, கிறிஸ்துமசுக்கும் திறக்கவில்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில், நிறை வயிற்றோடு, படியேறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். எஸ்டிடி பூத்தில் இருந்து கூப்பிட்டாள், “அம்மா, அவருக்க அம்மை அங்க வரச் சொல்லுது. எனக்கு நம்ம வீடு மதி அம்மா.” நம்ம வீடு போதும் என்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர் உலகத்தில் உள்ளது, சண்டைக்காரன்கூட இதற்குக் குறுக்கே நிற்கமாட்டான், அதை இந்த மனுஷன் ஒரு பித்தளைக் கப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஜெயித்தால் என்ன செய்வார்? வரவிடுவார், அதில் சந்தேகமில்லை, சொன்ன சொல் தவறாதவர் என்று பேர் எடுத்தவர். பிறகு ஆயுசு முழுக்க இந்தக் கிளப்பில் அதே மேசையில், எனக்க பேரப்பிள்ளை ஒரு கட் ஷாட்டுல வீட்டுக்கு வந்தவனாக்கும் என்பார், எல்லோரும் சிரிப்பார்கள்...

“அக்கா, மெல்ல மதி, அவசரமில்ல,” என்றாள் எதிர்ஜோடி சபீனா, அந்தப் பக்கம் மணல் குழியில் கிடந்த தன் பந்துக்குப் பக்கத்தில் இருந்து. அவளுடைய டாக்டர் புருஷன் வாட்சைப் பார்த்தார்.

ஐந்தாம் நம்பர் ஸ்டிக் போதாது, வளைகிற பந்துக்குத் தூரம் குறையும், நாலை எடுத்தாள். கால் இரண்டையும் மதில் பக்கம் திருப்பி வைத்தாள், தோளையும். ஸ்டிக்கின் முகம் மட்டும் அவ்வளவு திரும்பாமல் கொடியைப் பார்க்கவேண்டும். வீசுவது காலின் வழியில், கொடியின் வழியில் அல்ல, இதில்தான் எல்லோரும் தவறுவார்கள், பந்து திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லாமல் கடைசி நேரத்தில் கொடிக்கு நேராக இழுப்பார்கள். இழுக்கக்கூடாது. மதிலைப் பார்த்தே அடிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் கையைத் திருப்பக்கூடாது, பந்தில் பட்ட பிறகும் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும்... ஷீனா படியேறும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்கிறாளாம்... கையைத் திருப்பாதே. ஓங்கினாள். அவருடைய சிரிப்பு, காலையில் காருக்குள் கேட்ட சிரிப்பு, எங்கிருந்தோ வந்தது. இறக்கினாள்.

பட்டது நல்ல சத்தம். பந்து சந்து வழியாக அழகாகக் கிளம்பியது, மரத்தைத் தாண்டியது, இனி வளையும் என்று எல்லோரும் பார்த்திருக்க, வளையவில்லை. அவர் நிமிர்த்திய மாதிரியே, கோடு கிழித்ததுபோல நேராகப் போய், மதிலைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

“நேரெ போச்சே,” என்றார் நேசையன். நேராகப் போனதற்கு அவர் எப்படித் திட்டுவார்? மதிலைத் தாண்டினால் தண்டனை ஓர் அடி, புதுப் பந்தை அதே இடத்தில் போட்டு ஜோடியில் மற்றவர் அடிக்கவேண்டும், சட்டம் அது. அதே அயினி மரம், அதே சந்து. இத்தனை வருஷத்தில் அவள் நின்ற இடத்தில் அவர் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. பந்தைப் போட்டார், மரத்தைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார், காலை மாற்றி மாற்றி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, டாக்டருக்குக் கேட்காமல், “கால எங்க வைக்கணும் ஜெயா?” என்றார்.

“மதிலப் பாத்து வையுங்க. கையத் திருப்பாதீங்க,” என்றாள்.

சந்தோஷமாக இருக்கவேண்டும் அவளுக்கு. இல்லை. கையைத் திருப்பாதீங்க... அவள் திருப்பினாளே. பந்தில் படும் நேரத்தில் மணிக்கட்டு புரண்டதை அவள் உணர்ந்தாள், அது அவர் பழக்கிய பழக்கம், கை தானாகச் செய்தது, அவர் விதைத்ததை அவர் அறுக்கிறார்... அப்படித்தானே, இல்லை அவளேதான் திருப்பினாளா? சபீனாவின் பந்தும் மணலில்தான் கிடக்கிறது, ஆட்டம் முழுக்கப் போய்விடவில்லை, இந்தப் பந்து வளைந்தால் இன்னும் ஷீனா வரலாம். நேசையன் ஸ்டிக்கை ஓங்கினார். மகளின் பரீட்சைக்கும் காய்ச்சலுக்கும் முழங்காலில் நின்றவள் ஜெயபாய், கர்த்தரே என்ற ஒரு வார்த்தைகூட இப்போது தன் வாயில் வரவில்லை என்று கண்டாள். தன் முறைக்கு அவள் ஓங்கியபோதும், யோசித்துப் பார்த்தால், வந்திருக்கவில்லை.