பூ கேட்டவன்

செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த மயில்சாமிக்கு நாற்பது வயது. டீச்சர் தெய்வானையைக் கட்டலாமா என்று மூன்று வருடமாக மாரியம்மனிடம் பூக்கேட்டான். இலையில் மடித்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். மூன்று முறையும் வெள்ளைதான். இருந்தும் அவளிடம் வாய் திறக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்றே இருந்தான்.

அதற்குள் அவன் கூட்டாளி அர்த்தநாரி அவளை நேரிலேயே கேட்டுவிட்டான். இன்று அவளோடு பூக்கேட்கக் கோயிலுக்கு வந்து, "பொட்டலத்தை நீயே எடு மாப்ள, உனக்குக் கைராசி" என்றான்.

அவனுடைய புது டெரிகாட்டன் சட்டையைப் பார்க்கப் பார்க்க மயில்சாமிக்கு வயிறு எரிந்தது. சிவப்பு அரளி தடிப்பு, வெள்ளை நந்தியாவட்டை மெலிசு. பழகிய விரலுக்கு இலைக்கு மேலேயே தெரியும். தடித்ததை எடுத்து நீட்டினான்.

சிவப்பு. அர்த்தநாரி முகம் தொங்கிப்போனது. மயில்சாமிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

தெய்வானை அந்த அரளியை எடுத்துத் தலையில் சொருகிக்கொண்டாள்.

"எங்கிட்டக் கேட்டீங்க, நானும் சரின்னுட்டேன். அப்புறம் அம்மன்கிட்ட என்னத்துக்குங்க கேக்கோணும்? வாங்க போலாம்."

தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தை மயில்சாமி கையிலெடுத்தான். பிரிக்க வேண்டியதில்லை. நான்காவது வெள்ளை.