மோட்டார் ரூம் ஜன்னல்

ஐஸ் பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள் மதிவதனி. வயரும் யாரோ கழற்றிப்போட்ட ஒற்றைச் செருப்பும்தான் கிடந்தன. பெட்டிக்குள் அவள் அப்பா துலுக்கானம், சட்டை போட மறந்தவர்போல, வேட்டியை மட்டும் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"இன்னாடி தேடுற?" என்றாள் அத்தை பார்வதம். அப்பாவின் அக்கா.

"பூனைய, அத்தே. காலைலேருந்து காணோம்."

"காணாட்டி ரொம்ப நல்லது. அது பாட்டுக்கு பொணத்த தாண்டிச்சின்னா இன்னா ஆவுறது? எழவு ஊட்ல பூனை தேடிக்கினு கீறா பாரு."

வாசலில் பறை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவர் காதில் கத்தினால்தான் கேட்கும்.

மதிவதனி எழுந்து தோட்டத்துப் பக்கம் போனாள். தோட்டம் என்றால் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, துணி காயப்போடும் கம்பி, மூலையில் மோட்டார் ரூம். கம்பியின் நடுவே, குருவிகளுக்கு நொய் வைக்கும் கொட்டாங்கச்சி தொங்கியது. அதற்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பாட்டில்களை அறுத்துக் கோத்திருந்தார் அப்பா. பூனை கம்பிமேல் கால் வைத்தால் பாட்டில் உருண்டு கீழே தள்ளிவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய கை. ரிட்டையர் ஆன பிறகு அந்த மூளை முழுக்க மைனாவுக்கும் தவிட்டுக்குருவிக்கும் போய்விட்டது.

அப்படியும் போன வாரம் பூனை மேஸ்திரி ஒரு மைனாவைப் பிடித்துவிட்டது. கீழே சிந்திய நொய்யைப் பொறுக்க வந்த மைனா. மேஸ்திரி என்ற பெயரும் அப்பா வைத்ததுதான். "வேல ஒண்ணும் செய்யாது, சுத்தி சுத்தி வந்து பாத்துக்கினு மட்டும் இருக்கும்" என்பார்.

அன்றைக்கு இறகுகளைக் கூட்டி அள்ளியபடி அவர் சொன்னார்: "இன்னொரு தபா இது வாய வச்சுது, கோணில கட்டி ஹைவேஸுக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடுவேன். அப்பால நைனா சொல்லலன்னு சொல்லாத."

"அப்ப என்னியும் சேத்து கட்டு" என்றாள் இவள்.

அதோடு பேச்சு நின்றது. நைட் ஷிப்ட் முடிந்து அவள் வருவதற்குள் அம்மா நாகவல்லி ஹவுஸ்கீப்பிங் வேலைக்குக் கிளம்பியிருப்பாள். அப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார். இவள் தலையைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவாள். கண் விழித்தால் காலடியில் மேஸ்திரி சுருண்டிருக்கும்.

இன்றைக்கு நசரத்பேட்டை ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே மாடிவீட்டு சபீனா போன் செய்தாள். முருங்கை மரத்தடியில் விழுந்துகிடந்தார், சுற்றிலும் நொய், உயிர் இல்லை. வந்து பார்த்தால் பூனையும் இல்லை. சமையல்கட்டு ஆணியில் எப்போதும் தொங்கும் கோணியும் இல்லை.

அந்த வெற்று ஆணியைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. அம்மாவும் மற்ற பெண்களும் கட்டிக்கொண்டு அழுதபோது மரம்போல் உட்கார்ந்திருந்தாள். சொன்னதைச் செய்துவிட்டுத்தான் செத்தாயா நைனா? கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

மத்தியானம் எடுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போதும் அவள் கண் காய்ந்தே இருந்தது. "கல்லு நெஞ்சுடி ஒனக்கு" என்று அத்தை முணுமுணுத்தாள். வண்டி தெருமுனை திரும்பியது. பறைச் சத்தம் கரையான்சாவடிப் பக்கமாகத் தேய்ந்து, நின்றது.

பெண்கள் துடைப்பத்தோடு வீடு கழுவ இறங்கினார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை.

"டேங்கு காலி. மதி, மோட்டார போடு."

மோட்டார் ரூம் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. அவள் கை வைத்ததும் உள்ளே, தொண்டை கட்டிய குரலில், ஒரு மியாவ்.

திறந்தாள்.

ஜன்னல் உயரத்தில் ஒரு பலகை அடித்திருந்தது. புதுப் பலகை, ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது. அதன்மேல் நாலாக மடித்த கோணி. கோணிமேல் மேஸ்திரி. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், நெத்திலித் தலைகள். ஜன்னலுக்கு வலை. வலைக்கு நேர் எதிரே கம்பி, கொட்டாங்கச்சி.

பின்னால் வந்த சபீனா வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்லா, எனக்கு நெனப்பே வர்ல மதி. அந்த மைனா செத்ததுலேருந்து டெய்லி காலைல இத உள்ள வுட்டு சாத்துவாரு. 'மேஸ்திரி, ஒக்காந்து படம் பாரு, இன்டர்வெல்லுல வந்து தொறக்குறேன்'னு சொல்லுவாரு. குருவிங்க போனப்பறம் தொறந்து வுடுவாரு. நீ வர்றதுக்குள்ள."

மதிவதனி பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு சிலாம்புகூடக் குத்தவில்லை.

வெளியே முருங்கைக் கிளையில் மைனாக்கள் கத்திக்கொண்டிருந்தன. காலையிலிருந்து காத்திருந்த கத்தல். வீட்டில் உலை வைக்கவில்லை. அத்தை மிச்ச வாய்க்கரிசித் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவது தெரிந்தது. மதிவதனி ஓடிப்போய்த் தட்டை வாங்கினாள்.

"ஏய், அது வாய்க்கரிசிடி! தெருவாண்ட கொட்டணும்."

"நைனா அரிசிதான அத்தே. அவரு எங்க துன்னாரு?"

அத்தை வழிவிட்டு விலகினாள்.

மதிவதனி அரிசியைக் கொட்டாங்கச்சியில் நிரப்பினாள். கீழே சிந்தியதையும் விட்டுவிட்டாள். திரும்பி வந்து, பலகையில் இருந்த மேஸ்திரியின் தலையை ஒருமுறை அழுத்தித் தடவி, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"மோட்டார் போடலியாடி?"

"இரு அத்தே. சத்தம் கேட்டா பறந்துடும். துன்ட்டு போவட்டும்."

முதல் மைனா கம்பியில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் குதித்து இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. ஜன்னல் வலைக்குள் இரண்டு காதுகள் விறைத்து நின்றன.

மதிவதனி தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். பாதி கழுவிய வீட்டில், ஈரத் துடைப்பங்களோடு, பெண்கள் எல்லோரும் அப்படியே நின்றிருந்தார்கள்.