சாப்பாட்டு மேசைச் சட்டம்

கண்ணாடிக்காரருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கடையில் லென்ஸை உரசி ஃபிரேமில் பொருத்தும்போது நூலளவு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்பேர்ப்பட்டவர் கையில், கடைக்குச் சனிக்கிழமைதோறும் வரும் கண் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். வளர்ந்த பிள்ளைகளை வீட்டில் போனிலிருந்து எப்படிப் பக்குவமாக விலக்குவது என்று அதில் ஐந்து வரிகள் அச்சாகியிருந்தன. போதாதா? அன்று மாலையே வீட்டில் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

எட்டு மணிக்கு வீட்டில் இருக்கும் மூன்று போன்களும் அலமாரி மேல் இருக்கும் கூடைக்குள் போக வேண்டும். ஒன்பதரை வரை யாரும் தொடக்கூடாது. பெற்றோர் முதலில் செய்துகாட்ட வேண்டும் என்று தாள் சொன்னதால், அவருடைய போன்தான் முதலில் கூடைக்குள் விழுந்தது. அந்த விஷயத்தில் மனிதரைக் குறை சொல்ல முடியாது.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பதினைந்து வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். கடையில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் தடித்த கண்ணாடியை மாட்டி அனுப்புகிறவருக்கு, பாப்பா தினமும் போனே கதியென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இவள் கண்ணும் போய்விடுமோ என்று தோன்றும்.

"காதுதான் இல்ல. கண்ணையாவது காப்பாத்திக் குடுக்கணும்ல" என்றார் மனைவியிடம். அவள் தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி துணி வெட்டிவிட்டு வருகிறவள். வாதாடத் தெம்பில்லாமல் தன் போனையும் கூடையில் போட்டாள்.

பாப்பாவும் அடம் பிடிக்கவில்லை. போனை வைத்தாள், உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், அறைக்குள் போய்விட்டாள். எல்லாம் பத்தே நிமிடம்.

தாளின் ஐந்தாவது வரி, மிச்ச நேரத்தைப் பேச்சால் நிரப்புங்கள் என்றது. இங்கேதான் கண்ணாடிக்காரர் வசமாக மாட்டிக்கொண்டார். பாப்பாவுக்கு நாலு வயதானபோது கணவனும் மனைவியும் அவள் சேர்ந்த காது கேளாதோர் பள்ளியில் ஆறு மாதம் சைகை மொழி படித்தார்கள். அப்புறம் வேலை, அலைச்சல், அது இது என்று நின்றுபோயிற்று. போன் வந்த பிறகு அந்தக் குறையே தெரியாமல் போயிற்று. ஹாலில் உட்கார்ந்தபடி 'சாப்பிட வா' என்று போனில் தட்டிவிட்டால் அறைக்குள்ளிருந்து எழுந்து வந்துவிடுவாள். இப்போது அதற்கும் வழியில்லை.

முதல் வாரம் மூன்று பேரும் அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அவர் விடுவாரா? ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வந்தார். பள்ளியில் இன்று என்ன நடந்தது என்று எழுதி மகள் பக்கம் தள்ளினார். 'நன்றாக இருந்தது' என்று எழுதித் திருப்பித் தள்ளினாள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். எழுத்து அவளுக்கு இரவல் சட்டை மாதிரி, உடம்போடு ஒட்டாது. தேவைக்குப் போட்டுக்கொண்டு உடனே கழற்றிவிடுவாள்.

"பழக்கத்தை விடும்போது அப்படித்தான் உம்முனு இருப்பா. போகப்போகச் சரியாயிடும்" என்றார்.

"உம்முனு இருக்கறது அவளா, நாமளா?" என்றாள் மனைவி. அவர் நோட்டை மூடி வைத்தார்.

மூன்றாவது வாரம், சாப்பிட்டு முடித்த பாப்பா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். பதினொன்றாம் வகுப்புக்கு வீட்டிலிருந்து வந்துபோவதா, விடுதியில் தங்குவதா என்று பள்ளி கேட்டிருந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான். இத்தனை வருடத்தில் அதற்காக அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இப்போது விடுதிக்கு நேராக டிக் அடித்திருந்தாள். காரணம் கேட்ட கட்டத்தில் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'அங்கே சாப்பிடும்போது பேசலாம்.'

கண்ணாடிக்காரர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். படிவத்தை மனைவி பக்கம் நகர்த்தினார்.

"கண்ணு கெட்டுப்போகக் கூடாதுன்னுதானே செஞ்சேன்?"

"யாரு இல்லைன்னா? எட்டு மணிக்கு அவ கூடப் படிக்கிற பொண்ணு வீடியோல வருவா. போனை நிக்க வச்சுட்டு ரெண்டு பேரும் கையாலயே அவ்வளவு பேசுவாங்க. சிரிப்பு, சண்டை, எல்லாம் இருக்கும். நீங்க பாத்ததே இல்லையா?"

அவர் கதவிடுக்கு வழியாகப் போன் வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். அந்த வெளிச்சத்தில் அவள் கைகள் என்ன செய்தன என்று எட்டிப் பார்க்கத் தோன்றியதில்லை.

"தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல?"

மனைவி புடவைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "அது இல்லைன்னா நம்மகிட்டப் பேசுவாளோன்னு ஒரு நப்பாசை."

பாப்பா திரும்பி வந்ததும் அவர் கூடையிலிருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மணி எட்டரைகூட ஆகவில்லை. அவள் போனை வாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்தாள்.

சொல்ல அவரிடம் என்ன இருந்தது? வா, போ, உட்கார், சாப்பிடு, குளி, தூங்கு, தொடாதே, போகாதே. நாலு வயதுக் குழந்தையைக் கட்டி மேய்க்கக் கற்றுக்கொண்டவை. பாதிக்குப் பாதி அதட்டல். எங்களை விட்டுப் போய்விடாதே, தப்பு என்மேல்தான் என்று சொல்ல நினைத்தவருக்குப் 'போகாதே' என்ற சைகை ஒன்றுதான் வந்தது. ரோட்டுக்கு ஓடுகிற பிள்ளையைத் தடுப்பதற்குச் செய்வது. அது கெஞ்சலாக இல்லாமல் உத்தரவாகப் போய் விழுந்ததை அவள் முகமே காட்டியது.

பிறகு அவள் கைகள் பேச ஆரம்பித்தன. அவர் இத்தனை பக்கத்தில் இதைப் பார்த்ததே இல்லை. விரல்கள் பறந்தன, புருவம் ஏறி இறங்கியது, உதடு துடித்தது. கோபமில்லை. ஏதோ நெடுநாளாகச் சேர்த்து வைத்திருந்தது. நடுவில் 'அப்பா' என்பது புரிந்தது, 'சாப்பிடு' புரிந்தது. மற்றதெல்லாம் கைநழுவிப் போயிற்று. வழக்கமாக இந்த இடத்தில் தலையாட்டி வைப்பார். இன்று ஆட்டவில்லை. புரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்.

அவள் முதலிலிருந்து சொன்னாள், மெதுவாக. அவர் மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் தடவை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, ஒன்றும் பிடிபடவில்லை. நோட்டை அவள் பக்கம் தள்ளினார். பேனாவைத் திறந்து கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடி வைத்துவிட்டு, அவர் புறங்கையைத் தட்டிக்கொடுத்து ஒரே ஒரு சைகை செய்தாள்.

அது அவருக்கு நன்றாகப் புரிந்தது. 'அப்புறம் சொல்கிறேன்.'

அவளிடம் அவர் அதிகமாகச் செய்த சைகையே அதுதான். வீட்டுக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது சட்டையைப் பிடித்து இழுத்து என்னவென்று கேட்பாள். அப்புறம் என்பார். அவருடைய அண்ணன் இறந்த அன்று வீடே அழுதுகொண்டிருக்க, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அவரிடம் ஓடிவந்து கேட்டாள். அன்றைக்கும் அப்புறம் என்றுதான் காட்டினார். எதையும் அவர் அப்புறம் சொன்னதில்லை.

பேனாவை எடுத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.